நாற்பதைத் தாண்டி வரும் அழைப்பு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 42. தினமும் காலையில் பஸ் பிடித்து, புதுச்சத்திரம், பி.முட்லூர் எல்லாம் தாண்டி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கு வேலைக்குப் போகிறார். திருமணம் ஆகவில்லை. தம்பி தங்கைகளைப் படிக்க வைத்துக் கரையேற்றியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, அம்மாவிடம் மெதுவாகச் சொல்கிறார்: "நான் கன்னியர் மடத்துல சேரலாம்னு இருக்கேன்மா."

அடுத்த நொடியே பதில் வரும். "இந்த வயசுலயா? உனக்கு என்னடி குறைச்சல்?"

இதையே 18 வயதில் சொல்லியிருந்தால் ஊரே பாராட்டியிருக்கும். 42-இல் சொன்னால் சந்தேகம். ஏதோ மனக்கசப்பு, ஏதோ தோல்வி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீடுதான் இப்படி என்றால், பல துறவற சபைகளும் முப்பது, முப்பத்தைந்தைத் தாண்டியவர் என்றதும் தயங்குகின்றன. இது நியாயமா?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 643-ஆம் எண் விதி, நவதுறவில் யாரைச் சேர்த்தால் செல்லாது என்று சொல்கிறது. 17 வயது நிறையாதவர், திருமண பந்தம் நீடிக்கும் கணவன் அல்லது மனைவி போன்றோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். கீழ் வரம்பு உண்டு. மேல் வரம்பு? அப்படி ஒன்றைச் சட்டம் வைக்கவே இல்லை! அதெல்லாம் அந்தந்த சபை தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி.

வரலாறும் வேலிக்குச் சாதகமாக இல்லை. இஞ்ஞாசியார் ஒரு போர்வீரர். 1521-இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தபோது அவருக்கு ஏறத்தாழ 30 வயது. அதற்குப் பிறகுதான் மனம் திரும்பினார். பார்சிலோனாவில் சிறுவர்களோடு சேர்ந்து லத்தீன் இலக்கணம் படித்தபோது 30-ஐத் தாண்டியிருந்தார். இயேசு சபைக்கு 1540-இல் ரோமின் ஒப்புதல் கிடைத்தது. பிரான்சின் ஜேன் பிரான்சிஸ் தெ ஷந்தால், கணவரை இழந்தவர், பிள்ளைகளின் தாய். 1610-இல் பிரான்சிஸ் தெ சேல்ஸ் என்ற ஆயரோடு சேர்ந்து அவர் ஒரு சபையைத் தொடங்கியபோது வயது 38. வயதும் உடல்நிலையும் காரணமாக மற்ற மடங்களில் இடம் கிடைக்காத பெண்களுக்கும் அங்கே இடம் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில்தான், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறினார் என்கிறது பெரியபுராணம். நெடுங்காலம் சமணத் துறவியாக இருந்துவிட்டு, பிறகு பாதை மாறியவர் அவர். பாதி வாழ்க்கைக்குப் பிறகு திரும்புவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

சரி, அப்படியானால் மனதில் தோன்றியதும் பெட்டியைக் கட்டிவிடலாமா? கூடாது. இங்கேதான் சிதம்பரத்தின் நந்தனாரை நினைக்க வேண்டும். 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று சொல்லியே 'திருநாளைப்போவார்' என்று பெயர் பெற்றவர். அது சோம்பல் இல்லை. போக முடியாதபடி சாதி அவர் முன்னால் நின்றது. அவருடைய 'நாளை', மூடியிருந்த கதவு. நம்மில் பலருடைய 'நாளை' வெறும் பயம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். எது எது என்று பிரித்தறிவதுதான் தேர்ந்து தெளிதல்.

இதற்கு இஞ்ஞாசியாரே ஒரு வழி காட்டினார். கால் முறிந்து படுத்திருந்தபோது வீர சாகசக் கனவுகளும் வந்தன, புனிதர்களைப் போல வாழும் கனவுகளும் வந்தன. இரண்டுமே அந்த நேரத்தில் இனித்தன. ஆனால் முதலாவது முடிந்ததும் மனம் வறண்டது. இரண்டாவது முடிந்த பிறகும் நிறைவு தங்கியது. ஆக, ஆசை வரும்போது எப்படி இருக்கிறது என்பதல்ல, போன பிறகு எதை விட்டுச் செல்கிறது என்பதே கேள்வி. மனம் சோர்ந்திருக்கும் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்றும் அவர் சொன்னார். தனிமைக்குப் பயந்து மடத்துக்கு ஓடுபவருக்கும், மடத்துக்குப் பயந்து வேலையைக் கட்டிக்கொண்டு இருப்பவருக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

உண்மையாகவே மூடியிருக்கும் கதவுகளும் உண்டு. கடனை அடைக்க முடியாதவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது 644-ஆம் விதி. கல்விக் கடன், நகைக் கடன் எல்லாம் முதலில் தீர வேண்டும். பிள்ளையின் உதவி இல்லாமல் பெற்றோர் வாழ வழியில்லை என்றால், அவர்களை விட்டுவிட்டுத் துறவறத்தில் நுழைவது முறையல்ல என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். மஞ்சக்குப்பத்து அம்மாவுக்கு வேறு ஆதரவு இல்லையென்றால், அந்த மகளின் 'நாளை' பயம் அல்ல, கடமை. தம்பி பார்த்துக்கொள்வான் என்றால் கதை வேறு.

சபைகளின் தயக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது வருடம் சொந்தச் சம்பளத்தில், சொந்த முடிவில் வாழ்ந்தவர், தன்னைவிடப் பத்து வயது இளைய தலைவியின் சொல்லுக்குக் கீழ்ப்படிவாரா? நோய் வந்தால் செலவு யாருடையது? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்குப் பதில் பிறந்த தேதியில் இல்லை. அதைக் கண்டுபிடிக்கவே காலம் வைத்திருக்கிறார்கள். நவதுறவு குறைந்தது 12 மாதம். பிறகு தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது மூன்று ஆண்டுகள். அதற்குப் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. நவதுறவின்போது எந்த நாளும் வெளியே வரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாலு வருடம் உற்றுப் பார்க்கும் ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் வயதைப் பார்த்ததும் மடித்து வைப்பது என்ன தேர்வு?

உழைத்துக் களைத்து, குடும்பத்தைத் தாங்கி, மரணங்களைப் பார்த்து, அதன் பிறகும் ஒருவர் "வருகிறேன்" என்றால், அவர் எதை விட்டு வருகிறார் என்று தெரிந்தே வருகிறார். 18 வயதில் அது தெரியாது.

அந்தப் பெண்ணிடம் "ஏன் இந்த வயசுல?" என்று கேட்பவர்கள், முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டால் போதும். "ஏன்?" என்று கேளுங்கள். பிறகு, பதிலைச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேளுங்கள்.