ஆனைகட்டி எல்லையில் அரிவாள் செல் ரத்தசோகை: அட்டை வந்தது, சிகிச்சை தொடருமா?

புதுதில்லி: அரிவாள் செல் ரத்தசோகையை 2047-ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதற்கான தேசியத் திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கி வைத்தார். தமிழகம், கேரளம் உள்ளிட்ட 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது முதல் இலக்கு. 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 6 கோடியைக் கடந்துவிட்டதாகவும், அவர்களில் 2 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு நோய் கண்டறியப்பட்டதாகவும் மத்திய அரசு தெரிவித்தது. அரசுத் திட்டமொன்று தனது இலக்கை இவ்வளவு விரைவாக நெருங்குவது அபூர்வம்தான்.

தலைநகரில் உள்ள கணினித் திரையில் இந்த எண்கள் நிறைவைத் தரலாம். ஆனால், கோவையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், தமிழகமும் கேரளமும் சந்திக்கும் ஆனைகட்டியில் நின்று பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவருக்கு அடுத்த மாதமும், அதற்கு அடுத்த மாதமும் மாத்திரை கிடைக்கிறதா என்பதே அது. தேசிய அளவில் பெரிதாக விளம்பரப்படுத்தப்படும் எண்களில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை.

ஆனைகட்டியைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. அகளி, புதூர், சோலையூர் ஆகிய மூன்று ஊராட்சிகளில் சிதறிக் கிடக்கும் 190-க்கும் மேற்பட்ட 'ஊரு'களில் இருளர், முதுகர், குறும்பர் சமூகத்தினர் வாழ்கின்றனர். 2013-ஆம் ஆண்டு இங்கு பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோதுதான் அட்டப்பாடி என்ற பெயர் தில்லியில் பலருக்கும் தெரியவந்தது. மத்திய அமைச்சர்களும் மருத்துவக் குழுக்களும் வந்தனர். சிறப்பு நிதி அறிவிக்கப்பட்டது. குடும்பஸ்ரீ மூலம் சமுதாயச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. ஊட்டச்சத்துக் குறைவு பேசப்பட்ட அளவுக்கு, அதனுடன் சேர்ந்து உடலை அரிக்கும் இந்த ரத்த நோய் அப்போது பேசப்படவில்லை.

இத்தனைக்கும் இது புதிய நோயன்று. இந்தியாவில் அரிவாள் செல் மரபுக்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952-இல், அட்டப்பாடிக்கு அண்டையிலுள்ள நீலகிரி மலைப் பழங்குடியினரிடையேதான். அதற்கெனத் தேசியத் திட்டம் ஒன்று வருவதற்கு 71 ஆண்டுகள் ஆயின.

நோயின் தன்மையைத் தெரிந்துகொண்டால்தான் நிர்வாகச் சிக்கல் புரியும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைக்கின்றன. குளிர், நீர்ச்சத்து குறைதல், காய்ச்சல், கர்ப்பம் ஆகியவை திடீரென்று தாங்க முடியாத வலியைக் கிளப்பிவிடும். சாதாரண ரத்தசோகை என்று கருதி இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினால் நோய் நோயாகவே நீடிக்கும். வலி வருவதைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை உண்டு. அதனை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் சோதிக்க வேண்டும். ஆக, இது முகாம் நடத்தித் தீர்க்கக்கூடிய நோயன்று. வாழ்நாள் முழுவதும் கணக்கு வைத்துக் கவனிக்க வேண்டிய நோய்.

கண்காணிப்பாளரின் மேஜை: அட்டப்பாடியின் கோட்டத்தறையில் உள்ள அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பதவி, இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒருசேர வந்து சேரும் இடம். தேசியத் திட்டத்தின் இணையப் பதிவு ஒரு பக்கம். கேரள அரசின் இ-ஹெல்த் மென்பொருள் இன்னொரு பக்கம். பழங்குடியினர் நலத் துறையின் பயனாளிகள் பட்டியல், காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்புதல் கோரிக்கை என்று மேலும் இரண்டு. நோயாளி ஒருவரே; ஏடுகள் நான்கு. அந்த நான்கையும் நிரப்ப வேண்டியவர்கள் பெரும்பாலும், ஊருக்கு நடந்துபோய் மாத்திரை கொடுக்க வேண்டிய அதே ஊழியர்கள்தாம்.

பரிசோதனைக் கருவிகள் பெரிதும் முன்னேறியுள்ளன என்பதை மறுக்க முடியாது. முன்பு மாவட்டத் தலைநகரின் ஆய்வகத்துக்கு ரத்தத்தை அனுப்பிக் காத்திருந்த நிலை மாறி, விரல்நுனி ரத்தத்தைக் கொண்டு சில நிமிடங்களில் முடிவு சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அனுமதி அளித்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். இந்திய விஞ்ஞானிகள் உருவாக்கிய 'பிர்சா 101' என்ற சிகிச்சை முறையை 2025 நவம்பரில் மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவையே. ஆனால் மலைப்பாதையில் ஜீப்புக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு இன்று தேவைப்படுவது முப்பது நாள் மாத்திரையும், வலி வந்தால் நம்பி ஊசி போடும் ஒரு மருத்துவரும்தான்.

இந்தக் கண்காணிப்பாளர் நாற்காலியின் அதிகாரம் எவ்வளவு என்பதை 2021-ஆம் ஆண்டின் நிகழ்வு காட்டியது. அவ்வாண்டு நவம்பரில் குழந்தைகள் மரணம் மீண்டும் செய்தியானபோது, அப்போதைய கண்காணிப்பாளர் டாக்டர் பிரபுதாஸ் மருத்துவமனையின் நிலை குறித்து வெளிப்படையாகப் பேசினார். சுகாதாரத் துறை அமைச்சர் அட்டப்பாடிக்கு வந்த நாளில் தான் திருவனந்தபுரத்துக்குக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டதாகவும் அவர் குறைகூறினார். டிசம்பரில் அவர் மலப்புரம் மாவட்டம் திரூரங்காடிக்கு மாற்றப்பட்டார். நிர்வாகக் காரணம் என்றது அரசு. பேசியதற்கான தண்டனை என்றன எதிர்க்கட்சிகள். எது சரியாயினும், உள்ளே இருந்துகொண்டே குறையைச் சொல்லும் அதிகாரிக்குப் பாதுகாப்பு இல்லாத அமைப்பில், எழுத்தறிவு குறைந்த நோயாளி குரல் எழுப்புவார் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

ஒப்புதல் யாருடையது? 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ் 14 இலக்க சுகாதார எண் வழங்கப்படுகிறது. நோயாளி ஒப்புதல் தந்தால், ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொரு மருத்துவமனை பார்க்கலாம் என்பது ஏற்பாடு. கொள்கை அளவில் இது நோயாளியையே உரிமையாளராக்குகிறது. நடைமுறையில் ஒப்புதல் என்பது கைபேசிக்கு வரும் கடவு எண்ணைச் சொல்வது என்றாகிவிட்டது. அலைவரிசை எட்டாத ஊருகளில், குடும்பத்துக்கு ஒரு கைபேசி இருந்தால் அது யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்நோயில் ரகசியம் சாதாரண விஷயமன்று. நோய்க்கூறு தாங்கிய இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே திருமணத்துக்கு முன் ஆலோசனை வழங்கும் பொருட்டு, பரிசோதனை முடிவைத் தாங்கிய அட்டைகள் விநியோகிக்கப்படுகின்றன. ஆலோசனை சொல்ல ஆள் இல்லாமல் அட்டை மட்டும் போய்ச் சேர்ந்தால், அது பெண்ணின் திருமணத்தைத் தடுக்கும் சான்றிதழாகிவிடும் அபாயம் உண்டு. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, முந்தைய 2019 மசோதாவில் இருந்ததைப் போல உடல்நலத் தகவலுக்கென்று தனிப் பாதுகாப்புப் பிரிவை வைக்கவில்லை.

வாய் திறந்த நோயாளிகள்: எனினும் நோயாளிகள் பேசாமல் இல்லை. வயநாட்டில் இந்நோயால் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சங்கம் அமைத்து, ஓய்வூதியம், மருந்து, தனிப் படுக்கை ஆகியவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடி வருகின்றனர். கேரள அரசு இந்நோயாளிகளுக்கு மாத உதவித்தொகை வழங்குவதில் அவர்களது பங்கு பெரிது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் 'அஸ்வினி' அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை இன்னொரு பாடம். அங்கு செவிலியர்களும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களும் பழங்குடிச் சமூகத்தினரே. 1992-ஆம் ஆண்டிலேயே அவர்களுக்கெனக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. நோயாளியின் மொழி தெரிந்தவர் மருத்துவமனைக்குள் இருந்தால், நோயாளி தனக்காக வாதாட வேண்டிய அவசியமே பாதியாகக் குறைந்துவிடுகிறது.

டாக்டர் அபய் பங் தலைமையிலான பழங்குடியினர் சுகாதார நிபுணர் குழு 2018-இல் மத்திய அரசிடம் அளித்த அறிக்கையும் பழங்குடியினரின் பங்கேற்பையே வலியுறுத்தியது. பழங்குடியினரின் உடல்நலம் பற்றிய தனித் தரவு போதிய அளவில் இல்லை என்பது அக்குழுவின் முக்கியக் குறை. தரவு இப்போது குவிகிறது, பங்கேற்புதான் வரவில்லை.

சட்டத்திலும் ஓர் ஓட்டை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதே சட்டத்தின் 34-ஆவது பிரிவு, அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு பெறுவோர் பட்டியலில் ரத்த நோயாளிகளைச் சேர்க்கவில்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சாவடியின் இருபுறம்: அட்டப்பாடி நோயாளிக்கு மன்னார்க்காடு மலைப்பாதையில் இறங்கித் திருச்சூர் மருத்துவக் கல்லூரிக்குப் போவதைவிட, ஆனைகட்டி வழியே கோவைக்கு வருவது எளிது. இருளர் மொழிக்குத் தமிழும் நெருக்கம். சாவடியின் இருபுறமும் வாழ்வோர் ஒருவருக்கொருவர் உறவினர். ஆனால் கேரளத்தின் உதவித்தொகை கேரளத்தில் வசிப்பவருக்கு மட்டுமே. பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்ட அட்டை மாநிலம் கடந்து செல்லும் என்றாலும், அது உள்நோயாளி சிகிச்சைக்கானது. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் உதவாது. இந்நோய்க்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அவை இரண்டும்தான்.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டமோ புதிய மென்பொருளோ தேவையில்லை. கோட்டத்தறையில் தொடங்கிய மருந்தைக் கோவையிலும், கோவையில் தொடங்கியதைக் கோட்டத்தறையிலும் கேள்வியின்றித் தர வேண்டும் என்று இரு மாநிலச் சுகாதாரச் செயலர்கள் கூட்டாக உத்தரவிட்டால் போதும். கூடவே, நோயாளி கையில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட ஒரு சிறு ஏடு வேண்டும்: என்ன நோய், என்ன மாத்திரை, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தது, வலி வந்தால் என்ன ஊசி. தில்லியும் இனி பரிசோதிக்கப்பட்டோரின் எண்ணிக்கையோடு, ஓராண்டு இடைவிடாமல் மாத்திரை பெற்றோரின் எண்ணிக்கையையும் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். முதல் பட்டியலில் பாலக்காடும் கோவையும் நீலகிரியும் எந்த இடத்தில் நிற்கும் என்பது அப்போது தெரிந்துவிடும்.