முழங்காலா, தெருவா?



"முன்பெல்லாம் மாலையானால் கடைத்தெரு வரை போய் வருவார், இப்போது வாசற்படியைத் தாண்டுவதில்லை" என்று தந்தையைக் குறித்தோ தாயைக் குறித்தோ பிள்ளைகள் வருந்திச் சொல்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். காரணம் கேட்டால் பெரியவர், "வயதாகிவிட்டதப்பா, கால் முன்போல் இல்லை" என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். பழி முழுவதும் முழங்காலின்மேல் விழும். தெருவை எவரும் விசாரிப்பதில்லை.

அண்மைக் காலமாக அறிஞர் சிலர் தெருவையும் விசாரிக்கத் தொடங்கியுள்ளனர். அதற்கு அவர்கள் கையாளும் கருவி, கைக்கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. இச்செய்தியை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்தது. பாதை கரடுமுரடு என்று அறிவதற்கு மின்கருவியா? பெரியவரைக் கேட்டால் சொல்லமாட்டாரா? பிறகு எண்ணிப் பார்த்தேன். அவர் சொல்லமாட்டார் என்பதுதானே இங்குள்ள சிக்கல்! பிறருக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற கூச்சம் ஒருபுறம். உண்மையைச் சொன்னால், "இனி வெளியே போகவேண்டாம்" என்று தடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் மறுபுறம். பல்லாண்டு பழகிப்போன தொல்லையோ தொல்லையாகவே தோன்றாது.

ஆயினும் உடல் அதனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாம் கலங்கும்போது, நாம் ஏவாமலே இயங்கும் நரம்புத் தொகுதி ஒன்று விழித்துக்கொள்கிறது. உடலியலார் அதனைப் பரிவு நரம்பு மண்டலம் என்பர். அது தூண்டப்பட்டதும் தோலிலுள்ள வியர்வைச் சுரப்பிகள் கசியத் தொடங்கும். கண்ணுக்குப் புலப்படாத அந்த ஈரத்தால் தோல் முன்னிலும் எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். பட்டையின் உட்புறத்திலுள்ள உலோகப் பொட்டுகள், நாம் உணரவே இயலாத அளவு நுண்ணிய மின்னோட்டத்தைச் செலுத்தி இம்மாறுதலை அளக்கின்றன. அருகிலேயே பச்சை ஒளியொன்று தோலின்மேல் விழுகிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சுவதால், ஒவ்வொரு துடிப்பிற்கும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைகிறது; அதைக்கொண்டு நாடி கணக்கிடப்படுகிறது. தோலின் வெப்பமும் கையின் அசைவும் உடன் பதிவாகின்றன.

ஹாங்காங் நகரம் மேடும் படிக்கட்டும் நெரிசலும் மிகுந்தது. முதியோர் தொகையும் அங்கு மிகுதி. அந்நகரின் பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றிற்காக, முதியோர் இத்தகைய உணர்கருவிகளை அணிந்து தெருக்களில் நடந்தனர். உடலின் குறிகள் எவ்விடத்தில் கலக்கத்தைக் காட்டின என்பதை வைத்து, இடர் மிகுந்த இடங்கள் எவை என்று கண்டறிய முயன்றனர்.

இம்முறையின் சிறப்பு இங்கேதான் உள்ளது. ஒருவருடைய நாடி ஓரிடத்தில் விரைந்தால் அது அவருடைய சொந்தக் கவலையாய் இருக்கலாம். வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்ற ஐயமாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவரையொருவர் அறியாத பலருடைய மணிக்கட்டுகள் ஒரே இடத்தில் ஒரே செய்தியைச் சொல்லுமானால்? அங்கே பெயர்ந்த நடைபாதைக் கல் இருக்கிறது. அல்லது கால்வைக்க இயலாத உயரத்தில் படி இருக்கிறது. அல்லது நடப்பவருடைய இடத்தை வண்டிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அப்போது குற்றவாளி முழங்கால் அன்று.

கருவியை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். முதுமையில் வியர்வைச் சுரப்பு குறைந்துவிடும். இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் மருந்துகள் சில நாடி விரைவதைத் தடுக்கும். வெயிலில் வியர்ப்பதைக் கலக்கம் என்று கருவி தவறாகக் கொள்ளக்கூடும். ஆகவே ஒவ்வொருவரும் அமைதியாய் இருக்கும் வேளையில் எடுத்த அளவோடு அவரவரையே ஒப்பிடவேண்டும். தவிரவும், கருவி 'எங்கே' என்று சொல்லுமேயன்றி 'ஏன்' என்று சொல்லாது. நெடுநாள் காணாத நண்பரைக் கண்டாலும் நெஞ்சு துடிக்கத்தான் செய்யும். இறுதியில் பெரியவருடைய வாய்மொழியைக் கேட்டே ஆகவேண்டும். இன்னொன்று: பெற்றோர் எங்கே போகிறார், எப்போது நாடி ஏறுகிறது என்பதெல்லாம் அவருடைய அந்தரங்கம். அவருடைய மனமார்ந்த இசைவின்றி இப்பட்டையைக் கட்டிவிடுவது அன்பாகாது என்பது என் துணிபு.

பட்டையின் உதவியின்றியே வெளிப்பட்ட தெருவின் குற்றம் ஒன்றையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் சாலை கடக்கும் சைகை விளக்குகள், பாதசாரி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்ற கணக்கில் அமைந்திருந்தன. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுடைய நடையை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டபோது, ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8 மீட்டர் என்று தெரியவந்தது. 12 மீட்டர் அகலமுள்ள சாலையை எண்ணிக்கொள்ளுங்கள். விளக்கின் கணக்குப்படி 10 விநாடியில் கடந்துவிட வேண்டும். அதற்குள் மூதாட்டி 8 மீட்டரே நடந்திருப்பார். மீதி 4 மீட்டரில் அவருடைய நெஞ்சு என்ன பாடுபடும்! இரண்டு முறை அப்படி நேர்ந்தால், மூன்றாம் முறை அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்; கேட்டால், "கால் முன்போல் இல்லை" என்பார்.

சிங்கப்பூரில் 2009 முதல் இதற்கொரு வழி செய்திருக்கிறார்கள். மூத்த குடிமக்கள் தமது சலுகைப் பயண அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள பெட்டியில் காட்டினால், பச்சை விளக்கு சாலையின் அகலத்திற்கேற்ப 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும். இதற்கு மணிக்கட்டுப் பட்டை தேவைப்படவில்லை. ஆனால் ஒரு நகரத்தில் இத்தகைய பெட்டியை முதலில் எந்தச் சந்திப்பில் பொருத்துவது, எந்த நடைபாதைக் கல்லை முதலில் சீர்செய்வது என்று தீர்மானிக்க வேண்டியவர்களுக்கு, முதியவர்களின் மணிக்கட்டுகள் வரைந்து காட்டும் படம் பெரிதும் உதவும்.