குடியிருப்போர்க்கே வீட்டுரிமை

தன் கூரையின்கீழ்த் தான் உறங்கவேண்டுமென்பது எவர்க்கும் இயல்பான விருப்பமேயாம். இராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போர்க்கு அஃது எளிதிற் கைகூடுவதன்று. 1970-இல் தோன்றி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர்பெற்ற குடிசை மாற்று வாரியம் அவர்கட்கு அடுக்கு வீடுகள் அமைத்தது. தவணை முற்றும் செலுத்தியோர்க்குக் கிரயபத்திரம் அளித்தல் நீதியேயாம்.

இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டுச் சட்டம், நகரசபை வீட்டில் மூன்றாண்டு குடியிருந்தோர் நூற்றுக்கு 33 பங்கு விலைக்குறைவில் அவ்வீட்டையே வாங்க இடந்தந்தது. வாங்கினோர் மகிழ்ந்தனர், விற்ற அளவிற்குப் புதுவீடுகள் எழாமையால், பின்வந்த ஏழைகள் வாயிலிற் காத்துநின்றனர். ஸ்காத்துலாந்து 2016-இலும் வேல்சு 2019-இலும் அவ்வுரிமையை நீக்கின.

நிற்க. நமக்கு அண்மையிலேயே வேறொரு பாடமும் உண்டு. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-இல் கட்டப்பெற்ற அடுக்குகளுள் ஒன்று 2021 டிசம்பர் 27-ஆம் நாள் இடிந்து, 24 வீடுகள் மண்ணாயின. விரிசல் கண்டு மக்கள் வெளியேறினமையால் உயிர்ச்சேதமில்லை. சுவர் வீழ்ந்தபின் உரியவனுக்கு எஞ்சுவது யாது? மனையிற் பிரிபடாத பங்கு ஒன்றே.

ஆதலின், பத்திரத்தில் அப்பங்கு தெளிவுற எழுதப்படல் வேண்டும். கடற்காற்று இரும்பை அரிக்கும் இக்கரையில், விற்குமுன் கட்டடத்தைச் செப்பனிடுதல் வாரியத்தின் கடன். வாங்கியபின் படியையும் மாடியையும் கூடிப் பேணுதல் குடியிருப்போர் கடன். விற்ற பணம் புதுவீடுகளாதல் வேண்டும். நம் மாணவர்களும், எழுத்தறியா அண்டை வீட்டார்க்கு அவர்தம் பத்திரத்தைப் படித்துச் சொல்லும் சிறுதொண்டினை மேற்கொள்வாராக.