“அம்மா நாயைக் காட்ட முடியுமா?” - பூடில் குட்டி வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

வல்லக்கோட்டையில் இருந்து வாசகி ஒருவர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். கணவன், மனைவி இருவருக்கும் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை, வெவ்வேறு ஷிப்ட். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு பூடில் வேண்டுமாம். இன்ஸ்டாவில் ஒருவர், ‘டீகப் பூடில், 40 நாள் குட்டி, பேப்பர் வேண்டாம் என்றால் விலை குறையும்’ என்று ரீல்ஸ் போட்டிருக்கிறார். 5,000 ரூபாய் அட்வான்ஸை ஜிபே செய்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் கூட்ரோட்டில் காரில் கொண்டுவந்து கொடுத்துவிடுவாராம். “வாங்கலாமா தம்பி? பொண்ணு தினமும் கேட்டுட்டே இருக்கா” என்றார்.

‘இப்போதைக்குப் பணம் அனுப்பாதீங்கக்கா’ என்று உடனே பதில் போட்டுவிட்டேன். ஏன் என்று இந்த வாரம் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் வாடகைக்குக் குடியிருந்து வேலைக்குப் போகும் பலருக்கும் இது உதவும்.

அந்த ரீல்ஸின் ஒவ்வொரு வார்த்தையிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முதலில் ‘40 நாள்’. நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்களுக்காக மத்திய அரசு 2017-ல் தனி விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி 8 வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. அதாவது குறைந்தது 56 நாள். தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் இருக்கும் அந்தக் கடைசி இரண்டு, மூன்று வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அதற்கு முன்பே பிரித்து எடுத்து வந்தால், பிறகு உங்கள் மகளின் விரலில்தான் அந்தப் பாடத்தைப் படிக்கும்.

விற்பவர் ‘60 நாள் ஆச்சு’ என்று வாயால் சொன்னால் போதாது. வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பொதுவாக 28 பால் பற்களும் வந்திருக்கும். முன்பற்கள் மட்டும் முளைத்து, கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறாக இருந்தால் வயதில் ஏதோ கணக்கு இடிக்கிறது என்று அர்த்தம். ரொம்பச் சின்ன ரகங்களில் பல் கொஞ்சம் தாமதமாக வரலாம். அதனால் சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து ‘டீகப்’. இப்படி ஒரு ரகமே கிடையாது. சர்வதேச நாய்கள் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. பூடிலை உயரத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறது. 24 முதல் 28 செ.மீ. வரை டாய், 35 வரை மினியேச்சர், 45 வரை மீடியம், 60 வரை ஸ்டாண்டர்டு. அவ்வளவுதான். டாய்க்கும் கீழே ‘டீகப்’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் வளர்ச்சி குன்றிய குட்டிகள், அல்லது வயது குறைந்த குட்டிகள். இவ்வளவு சின்ன உடம்பில் ஒருவேளை சாப்பாடு தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழும் ஆபத்து உண்டு. (டீ கப்பில் நாய்க்குட்டியை உட்கார வைத்து போட்டோ எடுக்கும் யோசனை முதலில் யாருக்கு வந்ததோ!)

‘பேப்பர்’ என்று அவர் சொல்வது கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழ். இந்த அமைப்பின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. குட்டியின் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யார் என்று அதில் இருக்கும். மைக்ரோசிப் எண்ணும் இருக்கும். சிப்பை ஸ்கேன் செய்து, காகிதத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் இது வம்சாவளிக்குத்தான் சான்று. குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு இது உத்தரவாதம் ஆகாது. பலர் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள். இதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய காகிதம் வேறு ஒன்று உண்டு. 2017 விதிகளின்படி, பிரீடர் தன் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘உங்க ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் என்ன சார்?’ என்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். சிலர் அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பும் எதற்கும் பதில் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக, கூட்ரோட்டு டெலிவரி. இதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். பொது இடத்தில் நாயை வைத்து விற்பதை அந்த விதிகள் ஏற்பதில்லை. அதை விடுங்கள், காரில் வரும் குட்டி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தகர ஷெட்டில், கம்பிக் கூண்டுக்குள், வருடம் முழுக்கக் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு தாயிடம் இருந்து வந்திருக்கலாம். பெண் நாய்க்கு 18 மாதம் ஆகும் முன்போ, 8 வயதுக்குப் பிறகோ இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்துதான். வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. விதி இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் தாயைப் பார்க்காமல் வாங்குகிறவருக்கு இதில் எதையுமே சரிபார்க்க வழி இல்லை.

அதனால் நேரில் போங்கள். ஒரு ஞாயிறு வீணானாலும் பரவாயில்லை. குட்டிகள் தாயோடு இருக்கும்போது பாருங்கள். ‘அம்மா ஊர்ல இருக்கு’, ‘வாக்கிங் போயிருக்கு’, ‘புதுசா ஆள் வந்தா கடிக்கும்’ என்று காரணம் வந்தால் கிளம்பிவிடுங்கள். வேறு ஏதோ ஒரு பெண் நாயைக் காட்டி ஏமாற்றுவதும் நடக்கும். பால் கொடுத்த தாயின் மடிக்காம்புகள் தொங்கி இருக்கும், பார்த்தாலே தெரியும். அது உங்களைக் கண்டு மிரண்டு மூலையில் ஒடுங்குகிறதா, வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா என்பதையும் கவனியுங்கள். குட்டியின் சுபாவத்துக்குத் தாய்தான் முன்னோட்டம்.

வாலைப் பற்றி இன்னொன்று. பூடிலுக்குப் பிறந்த சில நாள்களிலேயே வாலை நறுக்கிவிடும் வழக்கம் சில நாடுகளில் இருந்தது. அழகுக்காக இப்படி வெட்டுவதை நம் விதிகள் அனுமதிப்பதில்லை. வால் மொட்டையாக இருந்தால், அந்த பிரீடர் மற்ற விஷயங்களில் எப்படி இருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பூடிலுக்குப் பரம்பரையாக வரும் நோய்கள் சில உண்டு. டாய், மினியேச்சர் ரகங்களில் முழங்கால் சில்லு விலகுவது, விழித்திரை மெதுவாகச் செயலிழந்து பார்வை போவது. ஸ்டாண்டர்டு ரகத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு, வயிறு உப்பித் திருகிக்கொள்வது. விழித்திரைப் பிரச்னைக்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. ‘அப்பா, அம்மாவுக்கு டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?’ என்று கேளுங்கள். நல்ல பிரீடர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சொல்லப்போனால், அவர் உங்களைத் திருப்பி நிறைய கேட்பார். வீட்டில் யார் இருப்பார்கள், ஹவுஸ் ஓனர் சம்மதித்தாரா, இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறீர்களா என்று துருவுவார். அதை அவமானமாக நினைக்காதீர்கள்.

உண்மையில் அந்த வாசகியிடம் நானும் அதைத்தான் கேட்டேன். ‘பகல்ல வீட்ல யாருக்கா இருப்பீங்க?’ கம்பெனி பஸ் ஏறி, ஷிப்ட் முடித்து, திரும்பி வர பத்து மணி நேரம் ஆகிவிடுகிறது. மகள் பள்ளிக்குப் போய்விடுகிறாள். சில வாரங்களில் இருவர் ஷிப்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுமாம்.

பூடிலைப் பலரும் மடியில் வைக்கும் பொம்மையாக நினைக்கிறார்கள். பிரான்ஸின் தேசிய நாய் என்று கொண்டாடப்பட்டாலும், அதன் பெயர் தண்ணீரில் துழாவுவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லில் இருந்து வந்தது. சுட்ட வாத்தை நீந்திப்போய் எடுத்து வருவதுதான் அதன் பூர்வீகத் தொழில். நீந்த வசதியாக உடம்பு முடியை மழித்து, குளிர் தாக்காமல் நெஞ்சிலும் மூட்டுகளிலும் மட்டும் விட்டுவைத்ததில் இருந்துதான் அந்த ‘சிங்க கட்டிங்’ பிறந்தது. மூளைக்கு வேலை இல்லாமல் பத்து மணி நேரம் பூட்டிய வீட்டில் இருந்தால், அது குரைத்தே ஊரைக் கூட்டும். கதவைப் பிறாண்டும். பக்கத்து போர்ஷன்காரர் புகார் சொல்ல, மூன்றாவது மாதமே நாயைக் கைமாற்றிவிட்ட குடும்பங்கள் உண்டு. எட்டு வாரக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை சாப்பாடு வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் நிலைமை வேறு.

முடி கொட்டாது என்பதுதான் பூடிலின் பெரிய விளம்பரம். பெருமளவு உண்மைதான். ஆனால் கொட்டாத முடி வளர்ந்துகொண்டே இருக்கும், சிக்கு விழும். தினமும் சீவ வேண்டும், நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். க்ரூமிங் செலவு அதன் ஆயுள் முழுக்க வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும் ஜீவன் இது. பக் மாதிரி சப்பை மூக்கு இல்லாததால் வெயிலை ஓரளவு தாங்கும். முடியைக் குட்டையாக வெட்டி, மதிய வெயிலில் வெளியே கூட்டிப்போகாமல் இருந்தால் சமாளிக்கலாம். மழைக்காலத்தில் காதுக்குள் ஈரம் தங்கிச் சீழ் வைக்கும், அதைத்தான் கவனிக்க வேண்டும். ஏரியும் புல்வெளியும் உள்ள ஊர் என்பதால் சுருட்டை முடிக்குள் உண்ணி ஒளிந்திருக்கும். உண்ணிக் காய்ச்சல் உயிரையே எடுக்கும். உண்ணிக்கு மாதாமாதம் மருந்து கட்டாயம்.

எல்லாம் சரியாக இருந்து வாங்குவது என்று முடிவெடுத்தால், தடுப்பூசி, குடற்புழு மருந்து கொடுத்த தேதிகளை மருத்துவர் பெயரோடு எழுதி வாங்குங்கள். குட்டியின் சிப் எண்ணோடு ரசீதும் வேண்டும். வீட்டுக்கு வந்த ஓரிரு நாளில் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வோ வைரஸ் உடம்பில் புகுந்த பிறகு அறிகுறி தெரிய நான்கு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். விற்பவரிடம் துள்ளிக் குதித்த குட்டி உங்கள் வீட்டில் சுருண்டு படுப்பது இப்படித்தான். சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, ரத்தம் கலந்து துர்நாற்றத்தோடு வயிற்றுப்போக்கு போனாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். பக்கத்தில் ட்ரிப் போட வசதி இல்லாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். வல்லக்கோட்டையில் இருந்து 50 கி.மீ. சொச்சம். குட்டி வாங்கும் முன்பே, ராத்திரி அவசரம் என்றால் எந்த வண்டி என்பதைப் பேசிவைத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீடு என்றால் உடனே அடுத்ததைக் கொண்டுவர வேண்டாம். அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையிலும் மண்ணிலும் இருக்கும்.

நோயுள்ள குட்டியைத் தலையில் கட்டிவிட்டு போனை எடுக்காத ஆள் என்றால், ரசீதும் மருத்துவரின் சீட்டும்தான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். மாநில விலங்குகள் நல வாரியத்துக்கு எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கலாம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த ரீல்ஸையும் அழியும் முன்பே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.