இறக்கைக்கு மெக்ஸிகோ முலாம்

கோழிக் கடையில் இறக்கைக்கு என்றுமே மரியாதை கிடையாது. தொடைக்கு வீட்டில் போட்டி. நெஞ்சுக் கறிக்கு டாக்டர் சிபாரிசு. இறக்கை குழம்போடு குழம்பாக வந்து, கடைசியாகச் சாப்பிட உட்காருபவர் இலையில் விழும். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அதன் கதி இதுதான். பெரும்பாலும் சூப் பானைக்குப் போய்விடும்.

1964இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் கதை மாறியது. ஆங்கர் பார் என்ற விடுதியை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த தெரஸா பெலிஸிமோ இறக்கைகளை எண்ணெயில் பொரித்து, மிளகாய் சாஸும் வெண்ணெயும் கலந்து அதில் புரட்டி எடுத்தார். ஏன் செய்தார் என்பதில் குடும்பத்துக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இறக்கைகள் தவறுதலாக வந்திறங்கிய சரக்கு என்றார் கணவர். ராத்திரி பசியோடு வந்த நண்பர்களுக்காக அம்மா செய்தது என்றார் மகன். இரண்டையும் 1980இல் நியூயார்க்கர் பத்திரிகையில் எழுதிவைத்தார் கால்வின் ட்ரில்லின். 2024இல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் வார இறுதியில் மட்டும் சுமார் 145 கோடி இறக்கைகள் தின்று தீர்க்கப்படும் என்பது அந்நாட்டுக் கோழித் தொழில் சங்கத்தின் மதிப்பீடு.

ஆக, 'மெக்ஸிகன் விங்ஸ்' என்று மெனு அட்டையில் பார்த்தால், இறக்கை அமெரிக்காவுடையது. மெக்ஸிகோ நகர மதுக்கடைகளில் விற்கும் 'அலிதாஸ்' கூட வடக்கே இருக்கும் அண்டை வீட்டாரிடம் கற்ற பழக்கம்தான். கோழியே அங்கே ஸ்பானியர்கள் கொண்டுபோன பறவை. மெக்ஸிகோ மக்கள் வளர்த்துவந்தது வான்கோழி. மெக்ஸிகோவுக்கென்று இருப்பது அதன் மேல் பூசும் மிளகாய்.

அந்த விஷயத்தில் அவர்கள் நமக்கு மூத்தவர்கள். போர்ச்சுக்கீசியர் வழியாக மிளகாய் நம்மிடம் வந்து ஐந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. மெக்ஸிகோவில் அது பல ஆயிரம் ஆண்டுப் பயிர். நாம் அதில் முதலில் தேடுவது காரம். அவர்கள் ருசியைத் தேடுவார்கள். பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்தால் வேறு பெயர். பொப்லானோ காய்ந்தால் ஆஞ்சோ: உலர் திராட்சை போன்ற இனிப்பு வாசனை. பழுத்த ஹாலப்பென்யோவைப் புகையில் உலர்த்தினால் சிபோட்லே. வற்றலைத் தோசைக்கல் போன்ற 'கோமால்' மேல் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, பூண்டோடு அரைக்கிறார்கள். அரைக்கும் கல் மெட்டாட்டே. நம் அம்மியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அறிமுகம் தேவைப்படாது.

இனி அவன். கேக் செய்யும் ஆசையில் வாங்கிய ஓ.டி.ஜி. அவனில் இப்போது அப்பளக் கட்டு வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. அதைக் காலி செய்ய இது நல்ல சாக்கு. வெறும் மைக்ரோவேவ் உதவாது, வேகும், சிவக்காது.

நம் வீட்டுச் சமையல்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. கோழி என்றால் கை தானாகத் தயிரையும் மிளகாய்த்தூளையும் தேடும். இறக்கையை அப்படி ஊறவைத்து அவனில் வைத்தால், மேலே மசாலா கருகும், அடியில் தோல் ரப்பராகும், ஒரு கிலோ கறி வீண். தோலில் ஈரம் இருக்கும்வரை சூடு அந்த நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. நீர் போன பிறகுதான் தோல் சிவக்கத் தொடங்கும். எனவே முதலில் உலர்த்த வேண்டும், மசாலா கடைசியில்.

கடையில் தோலோடு கேட்டு வாங்க வேண்டும். உரித்த இறக்கையில் மொறுமொறுப்பு வர வழியே இல்லை. ஒரு கிலோ இறக்கையை நுனி நறுக்கி, மூட்டில் இரண்டாக வெட்டி, துணியால் ஈரம் போக ஒற்ற வேண்டும். 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 2 டீஸ்பூன் உப்பு தூவிப் பிசிறி, கம்பித் தட்டில் பரப்பி, ஃப்ரிட்ஜில் மூடாமல் ஓர் இரவு வைக்கலாம். மற்ற உணவு மேல் படாதபடி அடித்தட்டில் வைப்பது நல்லது. பேக்கிங் பவுடர் தோலின் காரத்தன்மையைக் கூட்டிச் சீக்கிரம் சிவக்க வைக்கிறது. நுண்ணிய குமிழ்களை எழுப்பித் தோலைப் பொருபொருவென்றாக்குகிறது. அவசரத்தில் ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டால் சோப்பு வாடைதான் மிஞ்சும்.

மறுநாள் அவனை 220 டிகிரி செல்ஷியஸுக்கு முன்கூட்டியே சூடாக்கி, இறக்கைகளைக் கம்பித் தட்டோடு உள்ளே வைத்து, கொழுப்பு வடிய அடியில் ஒரு தட்டு. 20 நிமிடத்தில் திருப்பிப் போட்டு, மேலும் 20, 25 நிமிடம். இறக்கைக்குப் பயந்து பயந்து வேகவைக்கத் தேவையில்லை. எலும்பைச் சுற்றி ஜவ்வு அதிகம். நன்றாக வெந்தால்தான் அது இளகும்.

இது வேகும் நேரத்தில் சாஸ். ஆஞ்சோ கிடைக்காத ஊரில் பியாடகி மிளகாய் கைகொடுக்கும்: நிறம் உண்டு, காரம் குறைவு. எட்டு வற்றலை விதை நீக்கி, தோசைக்கல்லில் மணம் வரும்வரை மட்டும் வாட்ட வேண்டும், கருகினால் கசக்கும். 20 நிமிடம் வெந்நீரில் ஊறட்டும். தோலோடு சுட்டு உரித்த நாலு பல் பூண்டு, அரை டீஸ்பூன் சீரகம், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு டீஸ்பூன் வெல்லம், உப்பு சேர்த்து அரைத்து, சிறிது எண்ணெயில் ஐந்து நிமிடம் சுருள வதக்கினால் போதும். ஆரிகனோ வேண்டுமே என்றால், பீட்ஸாவோடு வந்து சமையலறை இழுப்பறையில் சேர்ந்துகிடக்கும் அந்தக் குட்டிப் பொட்டலங்களுக்கு இதோ வேலை. மெக்ஸிகோவின் ஆரிகனோ வேறு செடி, ஆனாலும் பாதகமில்லை. சிபோட்லேயின் புகை வாசனைக்கு லக்னோ வழி உண்டு: பழுத்த கரித்துண்டைக் கிண்ணத்தில் இட்டு, சாஸ் பாத்திரத்துக்குள் வைத்து, கரிமேல் ஒரு சொட்டு நெய் விட்டு ஐந்து நிமிடம் மூடுவது.

வெந்த இறக்கைகளை சாஸில் புரட்டி, மீண்டும் மூன்று நிமிடம் அவனில் காட்டி எடுத்ததும், கொத்துமல்லி தூவி எலுமிச்சை பிழிய வேண்டும். மெக்ஸிகோக்காரர்கள் எதன்மேலும் பிழியும் அந்தச் சின்ன எலுமிச்சை ஆசியாவிலிருந்து போனது; நம் சந்தையில் கிடைப்பதும் அதே ஜாதிதான். கத்தி, முள்கரண்டிக்கு இங்கே வேலையில்லை. எலும்பு போட ஒரு காலித் தட்டு மட்டும் மறக்காமல் வைக்க வேண்டும். ஆறவிட்டால் தோல் மறுபடி தொய்ந்துவிடும் என்பதால், விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு சாஸில் புரட்டுவதே உத்தமம்.