காரையாறும் நம் கடைமடையும்

பாபநாசம் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்பதைத் தூத்துக்குடியில் பலர் நாளிதழில் தேடிப் படிக்கிறார்கள். அணையை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களும் அவர்களில் உண்டு. நம் கடற்கரை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கிறது. பொதிகை மலைக்கோ இரண்டு பருவமும் பொழிகிறது. அந்த மழையை 143 அடி உயரத்துக்குத் தேக்கும் பாபநாசம் அணையின் காரையாற்று நீர்த்தேக்கம்தான் நமக்கு வாய்த்த மலை ஏரி. கொள்ளளவு 5.5 டிஎம்சி. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மேலே பாணதீர்த்தம் அருவி, சுற்றிலும் காணிக்காரர்களின் குடியிருப்புகள்.

முத்துக்குப் பேர்போன கொற்கை இந்த அணையிலிருந்து வரும் தாமிரபரணியின் கழிமுகத்தில்தான் பாண்டியர் துறைமுகமாக இருந்தது. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் விலக, துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது, பின்னர் தூத்துக்குடிக்கு வந்தது. கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். நம் துறைமுகத்தின் இடத்தையே தீர்மானித்த ஆற்றைப் பற்றிப் பேசும் உரிமை கரையோரத்தில் எல்லோருக்கும் உண்டு. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி, ஸ்ரீவைகுண்டம். பழைய பாசனப் பரப்பு சுமார் 86 ஆயிரம் ஏக்கர். அதில் பாதிக்குமேல் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா, அடுத்த பருவமான பிசானத்துக்காவது வருமா என்று ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்கும் கடைமடை விவசாயியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் ஆலைகளுக்குக் குழாயில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு அவர் எப்படிச் சும்மா இருப்பார்? ஆலைகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆலைகளுக்கு நாளொன்றுக்கு இருபது மில்லியன் காலன் தண்ணீர் தரும் 'இருபது எம்ஜிடி' திட்டம் நேற்று முளைத்ததல்ல. தண்ணீர் தருவதாக அரசு சொன்னதை நம்பித்தான் பல ஆலைகள் இங்கே வந்தன. அதே விவசாயியின் மகன் அங்கே ஷிப்டு பார்க்கிறான். வல்லநாட்டிலிருந்து வரும் குடிநீரை எதிர்பார்த்திருக்கும் மாநகரமோ யாரோடும் சண்டை போட முடியாத நிலையில் இருக்கிறது.

இந்தப் பேச்சில் அதிகம் விடுபடுபவர், ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலின் மீனவர். ஆற்றுநீர் கடலில் 'வீணாகக்' கலக்கிறது என்று மேடைதோறும் சொல்கிறோம். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் மீனும் குஞ்சாக வளர்கின்றன என்பதை அவரிடம் கேட்டால் சொல்வார். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். அதன்பின் முத்துப் பார்களில் அத்தகைய குளிப்பு நடக்கவில்லை. அதற்கு ஆற்றைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஆறு சேரும் கடல் ஒரு பயனாளி என்பதைக் கணக்கில் வைக்கலாம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். விவசாயி, ஆலைத் தொழிலாளி, மீனவர் என்று வெள்ளம் ஆள் பார்க்கவில்லை. கரையும் மடையும் சரியாக இருப்பதில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று நாம் அன்று ஒத்துக்கொண்டோம். தண்ணீர் குறையும் மாதங்களிலும் அந்த ஒப்புதல் நீடித்தால் போதும்.

செய்யக்கூடியவை எட்டாக்கனி அல்ல. ஆலைகள் கடல்நீரைச் சுத்திகரித்தும் நகரின் கழிவுநீரை மறுசுழற்சி செய்தும் படிப்படியாக ஆற்றிலிருந்து விலகலாம். அதற்கான காலக்கெடுவை அவர்களே அறிவிக்கட்டும். அதுவரை விவசாயிகள் பொறுக்கலாம். ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வார 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. வாய்க்கால் பராமரிப்பை ஆண்டுதோறும் நடக்கும் வேலையாக ஆக்கிவிட்டால் யாரும் படியேற வேண்டாம்.

மலைக்குப் போகும் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடக் கடற்கரை ஊர்களிலிருந்தும் வேன் பிடித்துப் போகிறோம். வழியில் பாபநாசம் படித்துறையில் முழுகி, பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விடுபவர்கள் பலர். பாறை இடுக்கில் சுருண்ட வேட்டி, வேரில் சிக்கிய சேலை, பக்கத்தில் ஷாம்பு உறை. வழிபாட்டை நிறுத்தச் சொல்வது சரியல்ல; வனத்துறையின் கட்டுப்பாடுகளை வழிபாட்டுக்கு எதிரானவையாகப் பார்ப்பதும் சரியல்ல. துணியைக் கரையில் வைத்திருக்கும் தொட்டியில் போட்டால் அய்யனார் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

அணை இருப்பது நெல்லை மாவட்டத்தில், கடைமடை இருப்பது நம் மாவட்டத்தில். 1986-இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து பேச்சுவார்த்தைக்கு ஒரு படி கூடிவிட்டது. கார் சாகுபடிக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முன்பே, மே மாதத்தில், இரு மாவட்ட ஆட்சியர்களும் பாசன விவசாயிகளையும் ஆலைத் தரப்பையும் மாநகராட்சியையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, தண்ணீர் குறைந்தால் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். புன்னைக்காயலிலிருந்து வருபவருக்கும் அங்கே ஒரு நாற்காலி போட வேண்டும்.