பூசணிக்காயும் பாதுகாப்பு அதிகாரியும்

ஆலையில் ஒரு தொழிலாளிக்குக் கை போனால், "அவன் தலையெழுத்து" என்கிறார் முதலாளி. கை போனவனும் அதையே சொல்லிக் கொள்ளுகிறான் என்பதுதான் நமக்கு அதிக விசனம் தருகிறது. பல்சக்கரத்துக்கு மூடியில்லை என்பதை இருவரும் பேசுவதில்லை. ஆயுதபூஜைக்கு வருஷந்தோறும் பூசணிக்காய் உடைக்கிறவர், மூடிக்கு மாத்திரம் கணக்குப் பார்க்கிறார்.

விஷயம் தெரிந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து வையுங்கள் என்றால், "அவர் என்ன உற்பத்தி செய்கிறார்?" என்று கேட்கிறார்கள். பலர் வைப்பதும் சர்க்காருக்குப் பயந்துதான். 1976ல் திருத்தப்பட்ட ஃபாக்டரி சட்டம், 1000 பேர் வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி வேண்டுமென்றது. 2020ல் இயற்றிய சட்டத் தொகுப்பு அதை 500 என்றும், அபாயமான தொழிலானால் 250 என்றும் குறைத்தது. சரி, 249 பேர் உள்ள ஆலையில் என்ன செய்வது? விஷவாயு ஆள் எண்ணிப் பார்த்தா கசிகிறது?

தோழர்களே! போபாலை நினைத்துப் பாருங்கள். 1982ல் யூனியன் கார்பைடு கம்பெனியின் சொந்த நிபுணர்களே அமெரிக்காவிலிருந்து வந்து, விஷப்பொருள் வெளியேற இடமிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். 1984 டிசம்பர் 2ந் தேதி இரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து மீதைல் ஐசோசயனேட் பொங்கியபோது, அதைக் குளிர வைக்கும் இயந்திரம் மாதக்கணக்காக நிறுத்தப்பட்டுக் கிடந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1989ல் கம்பெனி 47 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இதில் விதிக்கு என்ன வேலை? குளிர் இயந்திரத்தை நிறுத்தி மிச்சம் பிடித்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று முதலாளிமாரே கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். செத்தவர்களின் கணக்கை அவர்கள் பார்க்கமாட்டார்கள்; ஆகையால் பணக்கணக்கையாவது பார்க்கச் சொல்லுகிறோம்.

ஆகவே நிபுணர் வந்து எழுதினால் மட்டும் போதாது. இயந்திரம், ரசாயனம், வேலை நடக்கும் விதம் மூன்றும் அறிந்தவராய், தினமும் ஆலைக்குள் நடப்பவராய், "இதை நிறுத்து" என்றால் மானேஜரும் கேட்டாக வேண்டிய அதிகாரமுடையவராய் அவர் இருக்க வேண்டும். முதலாளியின் மைத்துனருக்கு நாற்காலி தேடும் உத்தியோகமல்ல இது. (அப்படிப்பட்ட நாற்காலிகள் ஆபீசில் ஏராளமாயிருக்கின்றன; அங்கே உட்காரட்டும்.)

உங்கள் ஆலையில் அந்த அதிகாரி யார், அவர் கடைசியாக எந்த இயந்திரத்தை நிறுத்தினார் என்று நாளைக்கே மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள்.